புல்லுக்கு அடித்த மருந்து

போன கார்த்திகையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் எட்டுத் தக்காளிச் செடியும் ஆறேழு வெண்டையும் ஒரே வாரத்தில் கோணிக்கொண்டன. தக்காளியின் நுனி இலைகள் அகலம் சுருங்கி, பெரணி இலை மாதிரி நூல் நூலாக நீண்டன. தண்டு, கயிறு முறுக்கியதுபோல் திரும்பிக்கொண்டது. வெண்டையின் புதுத் துளிர்கள் ஐந்து விரலையும் விரித்த கை போல ஆழமாகப் பிளந்திருந்தன. இலைச்சுருள் நோய்தான், வெள்ளை ஈ கொண்டுவந்திருக்கும் என்று வேப்பெண்ணெய்க் கரைசலை மூன்று நாளுக்கு ஒருதரம் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் மசியவில்லை.

சந்தேகம் அவரைக் கொடியைப் பார்த்தபோது வந்தது. வைரஸ் நோய் என்றால் இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி என்று தொடங்கும். தக்காளிக்கு வந்த அதே நாளில் வெண்டைக்கும் அவரைக்கும் சேர்ந்து வராது. வேலியோரம் நின்றவை ரொம்ப மோசம், உள்ளே வர வர பாதிப்பு குறைவு. நடுவில் நின்ற மக்காச்சோளத்துக்கோ ஒரு கீறல்கூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் காலி மனை. பார்த்தீனியம் இடுப்பளவு நின்றதால் மனைக்காரர் ஆள் வைத்து மருந்து அடித்திருந்தார்.

அடித்தது 2,4-டி. 1940களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய களைக்கொல்லி. செடிக்குள் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்ற ஹார்மோனைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழையும். அகன்ற இலைச் செடி தாறுமாறாக வளர்ந்து, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு சாகும். புல் இனத்தை அவ்வளவாகத் தொடாது. நெல், கோதுமை, கரும்பு, மக்காச்சோள வயல்களில் அதை அடிப்பது அதனால்தான், என் சோளம் பிழைத்ததும் அதனால்தான். ஆனால் தக்காளி, பருத்தி, திராட்சை ஆகியவற்றுக்கு இதன் வாடை போதும். பருத்திக்காட்டில் இது பட்டால் இலை வெண்டை இலைபோல ஆகிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் இது சோடியம் உப்பாக, அமைன் உப்பாக, எத்தில் எஸ்டராக என மூன்று வடிவில் கிடைக்கிறது. எஸ்டர் வகைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இலையில் விழுந்த பிறகும் வெயில் ஏற ஏற ஆவியாகிக் கிளம்பும், போகும் வழியில் இருக்கும் செடியில் இறங்கும். "அடிக்கும்போது காத்தே இல்ல சார்" என்று மனைக்காரர் சொன்னதை நான் நம்புகிறேன். காலையில் காற்றில்லாமல் அடித்தது மத்தியானம் எழுந்து வந்திருக்கும்.

அந்தத் தக்காளியைச் சாப்பிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். தக்காளிக்கு அடிக்க என்று பதிவாகாத மருந்துக்கு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். காயோடு பிடுங்கிப் போட்டேன். மக்குக் குழியிலும் சேர்க்கவில்லை.

களைக்கொல்லி பாதுகாப்பானதா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கேட்க வருவது வேறு: புற்றுநோய் வருமா? அந்தக் கேள்வி கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைச் சுற்றியே ஓடுகிறது. 1970ல் மான்சான்டோ நிறுவனத்தில் இதன் களை கொல்லும் குணத்தைக் கண்டார்கள், 1974ல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு வழியை இது அடைக்கிறது. அந்த வழி மனிதருக்கும் மிருகத்துக்கும் கிடையாது. அதனால் மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்பது கம்பெனிக்காரர்கள் கட்சி. பாட்டிலில் இருப்பது கிளைபோசேட் மட்டும் இல்லை என்பதை அந்த வாதம் மறைத்துவிடுகிறது. இலையில் ஒட்டிப் பரவுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற சரக்குகளும் அதில் உண்டு. கண்ணை எரிப்பதிலும் மீனைக் கொல்வதிலும் அவற்றுக்குப் பெரிய பங்கு. அவற்றில் கொழுப்பு அமைன் வகை ஒன்றை, கிளைபோசேட்டோடு சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் விலக்கியது.

2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ வகையில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்படி ஓர் ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்றது. இரண்டும் பொய்யில்லை, கேட்ட கேள்வி வேறு. முகமை பார்ப்பது, இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டா என்பதை. நாம் அன்றாடம் படும் அளவில் எவ்வளவு ஆபத்து என்பது அதன் கணக்கில் வராது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் அதே 2ஏ பட்டியலில்தான் இருக்கிறது. டபராவில் ஆற்றாமல் காபி குடிக்கிறவர்கள் கவனிக்க.

அமெரிக்காவில் மருந்து தெளிப்பவர்கள் சுமார் 54,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2018ல் வெளியான ஆய்வில், கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பொதுவாகத் தொடர்பு தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, மிக அதிகம் புழங்கியவர்களுக்கு அந்த நோயின் வாய்ப்பு 41 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. நீதிமன்றம் தனி வழியில் போனது. பள்ளி வளாகங்களில் மருந்தடித்து வந்த ஊழியர் ஒருவருக்கு 28.9 கோடி டாலர் தர வேண்டும் என்று 2018 ஆகஸ்ட்டில் சான்பிரான்சிஸ்கோ நடுவர் குழு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது பல மடங்கு குறைந்தது. மான்சான்டோவை வாங்கியிருந்த பேயர், 2023 முதல் அமெரிக்க வீட்டுத் தோட்டச் சந்தைக்கான சரக்கில் கிளைபோசேட்டை எடுத்துவிடுவதாக 2021ல் அறிவித்தது. பயம் மருந்தைப் பற்றியது இல்லையாம், வழக்குகளைப் பற்றியதாம். அதே கிளைபோசேட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் இன்னும் பத்தாண்டு அனுமதி நீட்டித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு என் கணிப்பைச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை வாசல் கல்லிடுக்கில் கையுறை போட்டு அடிக்கிறவருக்குப் புற்றுநோய்ப் பங்கு மிகச் சிறியது. தினமும் முதுகில் டேங்க் சுமந்து, கால்சட்டை நனைய நனைய அடிக்கும் கூலியாளின் கணக்கு வேறு. வீட்டுத் தோட்டத்துக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

முதல் வாசல் பாட்டில். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளைபோசேட் 41 சதவீதக் கரைசலுக்கு லேபிளில் உள்ள அளவு ஹெக்டேருக்கு 2 முதல் 3 லிட்டர். இரண்டு சென்ட் தோட்டம் என்பது சுமார் 81 சதுர மீட்டர். முழுத் தோட்டத்துக்கும் அடித்தால்கூட 25 மில்லிதான் ஆகும், ஒரு இருமல் டானிக் மூடியில் நாலைந்து தரம் ஊற்றும் அளவு. கடையில் வாங்கி வருவதோ ஒரு லிட்டர். மிச்சம் 975 மில்லி, குளியலறைப் பரணிலோ மாடிப்படிக்குக் கீழே பினாயில் டப்பாவுக்குப் பக்கத்திலோ வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். லேபிள் உரிந்துபோகும். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள்.

"கொஞ்சம் போதும்ணே" என்று கேட்டால், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. நானே அப்படி வாங்கியவன்தான், பதினைந்து வருஷத்துக்கு முன்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை அடுப்படி மேடையில் வைத்துவிட்டார். பார்க்க மோர் தெளிவு மாதிரி இருந்தது. மருந்து பாட்டில் பதிவான உறையிலும் லேபிளிலும்தான் இருக்க வேண்டும் என்பது 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் அடிப்படை. பிரித்துக் கொடுப்பது அந்தச் சட்டப்படி குற்றம்.

பாட்டிலில் இருப்பது பாராகுவாட் என்ற களைக்கொல்லி என்றால் இந்தப் பேச்சுக்கெல்லாம் நேரமே இருக்காது. அடித்த மறுநாளே புல் தீய்ந்துபோவதால் அதற்கு மவுசு அதிகம். 24 சதவீதக் கரைசலில் ஒரு மடக்கு உள்ளே போனால் போதும். ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், வாய் மட்டும் புண்ணாக இருக்கும். அதற்குள் மருந்து நுரையீரலில் சேர்ந்து அதைத் தழும்பாக்கிவிடும், சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ மூச்சு நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் திணறலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆக்சிஜனே இந்த விஷத்தில் சேதத்தைக் கூட்டும் என்பதால் மருத்துவர்கள் தயங்கித்தான் கொடுப்பார்கள். 2007லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இது இல்லை. இலங்கை 2008ல் தொடங்கிச் சில ஆண்டுகளில் டைமெத்தோயேட், பென்தியான் ஆகிய பூச்சிக்கொல்லிகளோடு சேர்த்து இதையும் படிப்படியாக நிறுத்தியது, அதன்பின் அங்கே மருந்து குடித்துச் சாகிறவர்கள் குறைந்தார்கள்.

'மருந்து குடித்து' என்று இப்போது என்னையறியாமல் எழுதிவிட்டேன். நம் பேச்சில் விஷத்துக்கு மருந்து என்றுதான் பெயர். புல்லுக்கு மருந்து அடிக்கிறோம், தகராறில் மருந்தைக் குடித்துவிட்டான் என்கிறோம், காய்ச்சலுக்கும் மருந்து கேட்கிறோம். அந்தச் சொல்லே பரணில் இருக்கும் பாட்டிலைச் சாதுவாக்கிவிடுகிறது. வீட்டில் யாருடைய வாயிலாவது தப்பித் தவறிப் பட்டுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலை லேபிளோடு கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சையே தொடங்கும்.

லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை இறங்கும். பச்சையைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் செய்யாது' என்று நினைக்கிறார்கள். அந்த நிறம் சொல்வது ஒரே சமயத்தில் குடித்தாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு விஷம் என்பதை மட்டும். பல வருஷம் புழங்கினால் என்ன ஆகும் என்பதோ, பக்கத்து வீட்டுத் தக்காளி என்ன ஆகும் என்பதோ அதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். இந்தியாவில் களைக்கொல்லிக்கு அனுமதி, எந்தப் பயிருக்கு என்று சொல்லித்தான். கிளைபோசேட்டுக்குக் கிடைத்த அனுமதி தேயிலைக்கும், பயிர் செய்யாத இடங்களுக்கும். கத்தரிப் பாத்திக்கு நடுவே அடிப்பது அந்த இரண்டிலும் சேராது. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் தவிர வேறு யாரும் அதை அடிக்கக் கூடாது என்றே அறிவிக்கை போட்டது. கேரளம் 2019 பிப்ரவரியிலேயே, திருவல்லா அருகே வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்ததை அடுத்து, கிளைபோசேட் விற்பனையை நிறுத்தியது. இலங்கை, வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி 2015ல் தடைசெய்தது. நோய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகாத நிலையில், 2018ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தி, 2022ல் தடையையே விலக்கிக்கொண்டது. இத்தனை உத்தரவுகளும் வயலையும் எஸ்டேட்டையும் மனதில் வைத்துப் போட்டவை. வீட்டுக் கொல்லையில் நின்று டப்பாவைக் குலுக்கும் ஆளை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. எங்கள் ஊர்க் கடைக் கவுண்டரில் 2022 அறிவிக்கையின் வாடைகூட இல்லை.

இரண்டாவது வாசல், களை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது. வெளிநாட்டு ஆலோசனைகளில் இது இருக்காது. ஒரே மாதிரிப் புல்தரையில் முளைத்த ஒற்றைப் பூச்செடியைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். நம் கொல்லையில் முளைப்பது பாதிக்கு மேல் கீரை. குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, தரையோடு படரும் பருப்புக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் பாடப் புத்தகத்தில் களைப் பட்டியலில் இருப்பவை, எங்கள் தெருவில் பொரியலாகிறவை. கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக்கென்று யாராவது பிடுங்கிப் போவார்கள். அருகம்புல்லைப் பிள்ளையாருக்குக் கிள்ளுவார்கள், சாறு பிழிந்து குடிக்கிறவர்கள் வேறு. அவிழ்த்துவிட்ட ஆடும் கோழியும் எல்லாவற்றையும் மேயும்.

கிளைபோசேட் அடித்த இலை உடனே வாடாது. நாலைந்து நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம்கூடப் பச்சையாகவே நிற்கும். அந்த நாலைந்து நாளில் வேலியோரம் வந்து கீரை கிள்ளும் பாட்டிக்கு அது மருந்தடித்த இலை என்று எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்து வீட்டுச் சாப்பாட்டில் களைக்கொல்லி நேராக வந்து சேர மிகக் குறுக்கு வழி இதுதான். மண்ணில் விழுந்தது மண்ணோடு இறுகப் பிடித்துக்கொண்டு, நுண்ணுயிர்கள் கரைக்கக் கரைக்கச் சில வாரத்திலோ சில மாதத்திலோ தேயும். இலையில் இருப்பதோ தேய நேரமே இல்லாமல், நேற்று அடித்தது இன்று கடைந்த கீரையாகத் தட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவதாகத் தெளிப்பான். களைக்கொல்லிக்கும் பூச்சிக்கும் ஒரே டேங்க்கைப் புழங்குவது நம்மிடம் சாதாரணம். 2,4-டி அடித்த டேங்க்கை இரண்டு தரம் அலசிவிட்டு அதிலேயே பஞ்சகவ்யம் கரைத்துத் தக்காளிக்கு அடித்தால், செடி கோணியதற்குப் பழி பஞ்சகவ்யத்தின் மேல் விழும். ரப்பர் வாஷரிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளிக்குப் போதும். வாடகைக்குத் தெளிப்பான் வாங்குகிறவர்கள் போன வாரம் அதில் என்ன போனது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அலசிய தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டுவது அடுத்த தப்பு. மண் பிடித்து வைத்திருக்கும் சரக்கைவிட, சிமெண்ட் தளத்தில் ஓடிக் கிணற்றுக்குள் சொட்டும் சரக்கு சீக்கிரம் குடத்துக்கு வரும்.

எருவிலும் வரலாம். 2008ல் பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்கள் பலருடைய தக்காளி, பீன்ஸ், உருளை எல்லாம் என் செடிகளைப் போலவே கோணின. அவர்கள் யாரும் மருந்தே அடிக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில் அடித்த அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி, புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போய், சாணத்தில் கெடாமல் வெளியே வந்து, எருவாகத் தோட்டத்துக்கு வந்திருந்தது. அதைத் தயாரித்த கம்பெனி அந்த ஆண்டு விற்பனையையே நிறுத்தி வைத்தது. நம் ஊர் மாட்டுச் சாணத்துக்கு இந்தப் பயம் குறைவு. ஆனாலும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத எரு ஒரு லோடு இறக்கினால், நான் முதலில் இரண்டு தொட்டியில் அதைக் கலந்து அவரை விதை போட்டுப் பார்ப்பேன். மூன்றாவது வாரத்தில் இலை கோணாமல் வந்தால்தான் பாத்திக்கு.

பென்டிமெத்தலின் போன்ற, களை முளைக்கும் முன்பே அடிக்கும் மருந்துகளைப் பற்றி ஒரு வரி: அவற்றுக்குப் புல் விதை, கீரை விதை என்ற பேதம் கிடையாது. வெங்காய வயலுக்குச் சரி. வாரா வாரம் ஒரு பிடி விதை தூவும் வீட்டுப் பாத்தியில் அரைக்கீரை முளைக்கவே முளைக்காது.

மருந்து வேண்டாம் என்று சொன்னதும் அடுத்து வருவது வினிகர், கல்லுப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு கலவை. இயற்கை முறை என்ற பெயரில் வீடியோக்களில் ஓடுகிறது. வினிகர் மேல் இலையைக் கருக்கும், வேர் மறுபடி துளிர்க்கும். உப்போ தானாகத் தேயாது. கிளைபோசேட்டாவது சில மாதத்தில் தேயும், மண்ணில் கொட்டிய உப்பு மழை கழுவிக் கீழே இறக்கும்வரை அங்கேயே கிடக்கும். காய்கறிப் பாத்தியில் உப்புப் போடுவதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரியாது.

கையால் பிடுங்குவதுதான் வழி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது, கோரை இருக்கும் வரை. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். ஒரு கிழங்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நூல் கோத்த மாதிரி மண்ணுக்குள் ஓடும். கோணிச் சாக்கு, அட்டை, பிளாஸ்டிக் தாள் எதையும் ஊசிபோல் குத்திக்கொண்டு வெளியே வரும். மூடாக்கு மற்ற எல்லாவற்றையும் அடக்கும். தென்னை ஓலை, கரும்புத் தோகை, வேப்பஞ்சருகு எதுவானாலும் நாலு விரல் கனம் போட்டால் சாரணையும் பார்த்தீனியமும் தலை தூக்காது. கோரை மட்டும் தூக்கும். சித்திரை வெயிலில் மண்ணைக் கொத்தி, மண்கட்டியைப் புரட்டிக் கிழங்கை வெளியே போட்டுக் காயவைப்பது, முளைத்தது ஐந்தாறு இலை விட்டுப் புதுக் கிழங்கு கட்டுவதற்குள் களைக்கொத்தியால் மறுபடி எடுப்பது என்று நான் மூன்று வருஷமாகச் செய்கிறேன். முன்பு ஒரு சதுர அடிக்கு இருபது முளைத்தது, இப்போது மூன்று நாலு. காய்ந்த கோரைக்கிழங்கை நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு என்று காசுக்கு விற்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பாதையிலும் மதிலோரக் கல்லிடுக்கிலும் மருந்து அடித்தே தீருவேன் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. தெளிப்பதைவிடத் தூரிகையால் களையின் இலையில் தடவுவது மேல், காற்றில் ஒரு சொட்டும் பறக்காது. காய்கறி நிற்கும் பக்கம் 2,4-டியே வேண்டாம். மழை வரும்போல் இருந்தால் அன்று வேண்டாம். அடித்த இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் கீரை கிள்ள வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

பக்கத்து மனைக்காரர் இந்த ஐப்பசியில் அடிப்பதற்கு முதல்நாளே வந்து சொன்னார். அமைன் வகையைத்தான் வாங்கியிருந்தார், எஸ்டர் இல்லை. போன வருஷத்து மிச்சத்தை என்ன செய்ய என்று அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுவந்தார், முக்கால் லிட்டர் இருந்தது. சாக்கடையில் ஊற்றக் கூடாது என்றேன். வாங்கிய கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றாராம். இப்போது அது அவர் வீட்டு இரும்புப் பெட்டியில், அதே லேபிளோடு, பூட்டுப் போட்டு இருக்கிறது.